கறுத்த சினைப்பை

1946இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்டேன்லி வே என்ற இங்கிலாந்து மகளிர் நோய் மருத்துவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். முறுக்கிக்கொண்டு நிறம் மாறிப்போன சினைப்பைகளை நான் வெட்டி எடுக்கவில்லை. முறுக்கை அவிழ்த்து, உள்ளே இருந்த கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிட்டுச் சினைப்பையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன், நோயாளிகள் நலமாக இருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்ன செய்தி. அன்றைய பாடம் இதற்கு நேர் எதிர். முறுக்கிய சினைப்பையை அவிழ்க்கவே கூடாது, அந்த நிலையிலேயே காம்பை இடுக்கியால் பிடித்து வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வேயின் கட்டுரை வந்த பிறகும் அந்தப் பாடம் மாறவில்லை. அது அசையவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் உயிரோடிருந்த ஒரு சினைப்பையை இழந்த சிறுமிகள் எத்தனை பேர் என்பதற்கு எங்கும் கணக்கில்லை.

சிறுமிகளின் சினைப்பையில் கத்தி வைக்கும் சூழல் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகிறது. ஒன்று கட்டி, மற்றது முறுக்கம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. கட்டியின் பாரமே முறுக்கத்தைக் கொண்டுவருவது அடிக்கடி நடப்பது. இரண்டிலும் பழைய வைத்தியம் ஒன்றுதான்: எடுத்துவிடு. இரண்டிலும் இன்றைய மருத்துவம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கும் இடமும் ஒன்றுதான்: எதை விட்டுவைக்க முடியுமோ அதை விட்டுவை. இந்த மாற்றம் இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. உடற்கூறும், நுண்ணோக்கியும், ஒரு உலோக மருந்தும், பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்த சில மருத்துவர்களும் சேர்ந்து கொண்டுவந்தது.

முதலில் அந்த உறுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கருப்பைக்கு இரு புறமும் ஒன்றாக, இடுப்புக்குழிக்குள் இருக்கிறது சினைப்பை. வளர்ந்த பெண்ணில் மூன்று செ.மீ. நீளம் இருக்கும். அது எதன்மீதும் இறுக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு நாண்கள் அதைத் தாங்குகின்றன. ஒன்று கருப்பையிலிருந்து வருவது. மற்றது இடுப்பின் பக்கச்சுவரிலிருந்து வருவது. சினைப்பைக்கான முதன்மை ரத்தக்குழாய்கள் இதற்குள்தான் ஓடிவருகின்றன. அந்தத் தமனி புறப்படும் இடம் இடுப்பு அல்ல. மேல்வயிற்றில், சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து கிளைத்து, அங்கிருந்து இடுப்பு வரை இறங்கி வருகிறது. கருவில் சினைப்பை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் ரத்தக்குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இது போதாதென்று கருப்பைத் தமனியின் ஒரு கிளையும் வந்து சேர்கிறது. ஆக, சினைப்பைக்கு ரத்தம் வர இரண்டு வழிகள். பின்னால் இந்த இரண்டாவது வழிதான் பல சினைப்பைகளைக் காப்பாற்றுகிறது.

இரண்டு நாண்களில் தொங்கும் உறுப்பு தன் அச்சில் சுற்றிக்கொள்ளலாம். அதற்குள் ஐந்து செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் சிறுமிகளிடம் ஒரு தனி விஷயம் உண்டு. கட்டி எதுவுமே இல்லாத, முற்றிலும் இயல்பான சினைப்பையும் முறுக்கிக்கொள்ளும். உடலின் மற்ற அளவுகளோடு பார்த்தால் பூப்படையாத வயதில் இந்த நாண்கள் நீளமானவை, தளர்வானவை என்பது ஒரு விளக்கம். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் சினைப்பை சுற்ற இடம் குறைவு. இது அபூர்வமான நோய்தான். ஒன்று முதல் இருபது வயது வரையிலான பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வருவதாக 2010இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கு ஒன்று சொன்னது. ஆனால் வலப்பக்கத்தில் வருகிறது என்பதே பெரிய தொல்லை. குடல்வால் இருப்பதும் வலப்பக்கத்தில்தானே!

முறுக்கம் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் மையம் இருக்கிறது. தமனியின் சுவர் தடித்தது, தசையுள்ளது, உள்ளே அழுத்தமும் அதிகம். சிரையின் சுவர் மெல்லியது. காற்றடித்த சைக்கிள் டியூபையும் காற்றில்லாத டியூபையும் சேர்த்து முறுக்கினால் எது முதலில் தட்டையாகும்? அதேதான் இங்கும். சிரையும் நிணநீர்க் குழாய்களும் முதலில் அடைபடுகின்றன. தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. சினைப்பை வீங்குகிறது. மறுபக்கத்துச் சினைப்பையைப் போலப் பத்து மடங்கு பெருத்துவிடுவதும் உண்டு. தேங்கிய ரத்தம் திசுவுக்குள் கசிந்து, நீலமாகி, கருநீலமாகி, கடைசியில் கறுப்பாகிவிடுகிறது.

வயிற்றைத் திறந்த மருத்துவர் பார்ப்பது இந்தக் கறுப்பைத்தான். குடல் முறுக்கிக் கறுத்தால் அது அழுகிவிட்டது என்று பொருள்; வெட்டியே ஆக வேண்டும். அதே கண்ணோடு அவர் சினைப்பையையும் பார்த்தார். ஆனால் சினைப்பையின் கறுப்பு பெரும்பாலும் ரத்தம் வராததால் வந்ததல்ல. வந்த ரத்தம் போகாததால் வந்தது. அதற்குள் இருக்கும் திசு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம், செத்திருக்க வேண்டியதில்லை.

நிறத்தின் மீதிருந்த இந்த அவநம்பிக்கையோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. முறுக்கிய சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கும். அவிழ்த்தால் அந்த உறைகட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போய் ஆளையே கொன்றுவிடும் என்பது அது. கேட்பதற்கு நியாயமான பயம். தலைமுறை தலைமுறையாகப் பேராசிரியர்கள் மாணவர்களிடம் ஒப்படைத்த பயம். ஆனால் அதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? 1999இல் மெக்கவர்ன் என்பவரும் கூட்டாளிகளும் அதுவரை வெளியான பதிவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். முறுக்கம் கண்டவர்களில் நுரையீரல் அடைப்பு ஏற்பட்டது சுமார் 0.2 சதவீதம் பேருக்கு மட்டுமே. அவிழ்த்ததால் அந்த ஆபத்து கூடவும் இல்லை. இத்தனை காலம் ஒரு உறுப்பையே பலி வாங்கிய பயத்துக்கு அடியில் ஆதாரம் என்று எதுவும் இருக்கவில்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த ஓல்ஸ்னர் குழு 2003இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் தெளிவானவை. 102 பெண்கள். எல்லோருக்கும் கருநீலமாகிப்போன சினைப்பை. எல்லோருக்கும் அவிழ்த்துவிட்டு, எடுக்காமல் விட்டார்கள். பிறகு ஸ்கேன் செய்து பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தச் சினைப்பை இயல்பான அளவுக்குத் திரும்பி, முட்டைப்பைகளை வளர்த்துக்கொண்டிருந்தது. வேறு காரணங்களுக்காக மீண்டும் வயிற்றுக்குள் பார்க்க நேர்ந்த சிலரிடம் நேரிலேயே அது நல்ல நிறத்தில் இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து, சிறுமிகளுக்குச் சினைப்பையை எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வந்தது. வேண்டியதில்லை என்பதுதான் அதன் பதில். 2019இல் அமெரிக்க மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி வளரிளம் பெண்களுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: சினைப்பை பார்க்க எப்படி இருந்தாலும் சரி, அவிழ்த்துவிட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். வேயின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 73 ஆண்டுகள்.

*

விதி மாறிவிட்டது. ஆனால் அறுவை மேசைக்குப் பிள்ளை நேரத்தோடு வந்து சேர்ந்தால்தானே விதிக்கு வேலை?

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அடிவயிற்றில் சுரீரென்று ஒரு வலி. வாந்தி. ஒரு மணி நேரத்தில் வலி தானாகவே குறைந்துவிடுகிறது. முறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். மதியம் மறுபடியும். நம் வீடுகளில் இதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று சூடு: ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். இன்னொன்று, பாட்டி தாழ்ந்த குரலில் சொல்வது: “வயசுக்கு வரப்போறா போல, அதான் இழுத்துப் பிடிக்குது. விடு, சரியாப் போயிரும்.” பூப்பெய்தும் வயதை ஒட்டி வரும் அடிவயிற்று வலியை எல்லாம் இயல்பென்று ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த வழக்கம் இந்த நோயில் மணிக்கணக்கைத் தின்றுவிடுகிறது. திடீரென்று வந்து, விட்டு விட்டு வலித்து, வாந்தியோடு சேர்ந்த அடிவயிற்று வலி எந்த வயதுப் பெண் குழந்தைக்கு வந்தாலும் அன்றே மருத்துவமனை போக வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தாமதம் வீட்டில் மட்டும் இல்லை. ஆண் பிள்ளைக்கு விதைப்பை முறுக்கிக்கொண்டால் மருத்துவமனையே ஓடுகிறது. வீக்கம் வெளியே தெரிகிறது, ஆறு மணி நேரம் என்ற கெடு எல்லோருக்கும் மனப்பாடம். பெண் பிள்ளையின் முறுக்கம் உள்ளே மறைந்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிறுமிகள் மருத்துவமனைக்கு வந்து சேர்வதிலும் சரி, வந்த பிறகு அறுவைக்குப் போவதிலும் சரி, சிறுவர்களைவிட வெகுநேரம் கூடுதலாகக் காத்திருந்தது தெரிந்தது. இரட்டை ரத்தவழி இருப்பதால் சினைப்பை விதையைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. எலிகளில் செய்த சோதனையில் ஒரு நாள் முழுக்க முறுக்கி வைத்த சினைப்பைகூடப் பிழைத்தது. 36 மணி நேரத்தில்தான் மீளாச் சேதம் தெரிந்தது. ஆனால் எலியின் கணக்கை நம்பி ஒரு சிறுமியைக் காக்க வைக்க முடியாது.

ஸ்கேன் எடுக்கும் முறையும் பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. வளர்ந்த பெண்களுக்குச் செய்வதுபோலப் பிறப்புறுப்பு வழியாகச் சிறுமிகளுக்கு ஸ்கேன் செய்வதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியதும் வயிற்றின் மேலேயே கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். நிரம்பிய பை ஒரு ஜன்னல்போல ஒலியலைகளை உள்ளே விடுகிறது. ஒரு சினைப்பை மற்றதைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பது, அதன் முட்டைப்பைகள் விளிம்புக்குத் தள்ளப்பட்டு மணிமணியாகத் தெரிவது, காம்பு சுழல்போலச் சுருண்டிருப்பது ஆகியவை முறுக்கத்தின் தடயங்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது, அதனால் முறுக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடும் தவறு இன்றும் நடக்கிறது. தமனி கடைசியில்தான் அடைபடும் என்று பார்த்தோமே. ஓட்டம் இருந்தும் முறுக்கம் இருக்கலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் உள்ளே பார்த்துவிடுவதுதான் ஒரே நிச்சயமான வழி.

உள்ளே பார்ப்பது இன்று பெரிய காரியமில்லை. தொப்புளில் ஐந்து மி.மீ. அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை மேலே தூக்குகிறார்கள். கேமரா உள்ளே போகிறது. மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் குடல் மேல்வயிற்றை நோக்கிச் சரிந்து, இடுப்புக்குழி காலியாகிறது. திரையில் கருப்பை சிறியதாக, வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதன் ஒரு பக்கத்தில் இயல்பான சினைப்பை, முத்து வெள்ளை. மறுபக்கத்தில் கருநீலமாக, பளபளவென்று வீங்கிய ஒன்று. காம்பைத் தேடிப் போனால் இரண்டு சுற்று, சில நேரம் மூன்று, சினைக்குழாயும் அதோடு சேர்ந்து சுருண்டிருக்கும். வீங்கிய சினைப்பை எளிதில் கிழியும். அதனால் அதை இடுக்கியால் கடித்துப் பிடிப்பதில்லை. மழுங்கிய முனைகொண்ட கருவியால் அடியில் கொடுத்து, மெல்லப் புரட்டுகிறார்கள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. காம்பு நேராகிறது.

பிறகு காத்திருக்கிறார்கள். சில சினைப்பைகள் பத்து நிமிடத்தில் கறுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு வருகின்றன. பல வருவதில்லை. பழைய விதியில் வளர்ந்த கைகளுக்கு இதுதான் சோதனையான கட்டம். நிறம் மாறாத சினைப்பையும் வாரங்களில் தேறிவிடுகிறது என்பதைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. தொட்டாலே கூழாகக் கரைந்து உதிர்ந்தால் தவிர, அதை எடுக்கக் காரணமில்லை. உள்ளே கட்டி இருப்பது தெரிந்தாலும் அன்றே தோண்டி எடுப்பது பல நேரம் நல்லதல்ல. வீங்கிய திசுவில் கட்டிக்கும் நல்ல பகுதிக்கும் எல்லைக்கோடு தெரியாது. அவிழ்த்துவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு, சில வாரங்கள் கழித்து மறு ஸ்கேன் பார்த்துத் திட்டமிட்டு வருவது மேல். சாதாரண நீர்க்கட்டியாக இருந்தால் அதற்குள் அது தானே மறைந்தும் போயிருக்கும்.

அவிழ்த்த சினைப்பையைத் தையல் போட்டு நிலைநிறுத்த வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. ஏற்கெனவே ஒரு பக்கத்தை இழந்த சிறுமிக்கும், மீண்டும் மீண்டும் முறுக்குபவளுக்கும் செய்வது நியாயம் என்பது பலரின் கருத்து; எனக்கும் அது சரியாகவே படுகிறது.

பிறக்கும் முன்பே இது நடப்பதுண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். தாயின் ஹார்மோன்கள் கருவிலிருக்கும் பெண் சிசுவின் சினைப்பையைத் தூண்டி நீர்க்கட்டி உண்டாக்கலாம். பிறந்ததும் அந்த ஹார்மோன் வரவு நின்றுவிடுவதால் பெரும்பாலானவை சில மாதங்களில் சுருங்கிவிடுகின்றன. பெரியவை வயிற்றுக்குள்ளேயே முறுக்கி, சினைப்பை காம்பிலிருந்து தானாகவே அறுந்து விழுவதும் நடக்கிறது.

*

இனி கட்டிகள். வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் புகழ்பெற்ற அறுவையே சினைப்பைக் கட்டிக்குத்தான். 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டான்வில் ஊரில் எஃப்ரைம் மெக்டொவெல், ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து பத்து கிலோவுக்கு மேற்பட்ட கட்டியை எடுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அறுபது மைல் குதிரையில் வந்து, இருபத்தைந்து நிமிடம் அந்த வலியைத் தாங்கிய அந்த அம்மாள் அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நூற்றாண்டின் அறுவை வெற்றி என்பது ஆள் பிழைத்தாள் என்பதோடு முடிந்தது. சினைப்பையில் எதையாவது மிச்சம் வைப்பது பற்றி நினைக்கவே அன்று இடமில்லை.

சிறுமியின் கட்டி அவள் அம்மாவின் வயதில் வரும் கட்டியிலிருந்து வேறுபட்டது. வளர்ந்த பெண்களின் சினைப்பைப் புற்றில் பெரும்பகுதி உறுப்பின் மேலுறை சார்ந்தது. சிறுமிகளிடம் முட்டையாக வேண்டிய மூலச் செல்களிலிருந்தே பெரும்பாலான கட்டிகள் பிறக்கின்றன. அவற்றிலும் அதிகம் காணப்படுவது டெர்மாய்டு என்று டாக்டர்கள் சொல்லும் முதிர்ந்த டெரட்டோமா. அதை வெட்டிப் பார்த்தால் வெண்ணெய்போன்ற கொழுப்பும், சுருண்ட முடிக்கற்றையும் இருக்கும். சில நேரம் நன்றாக உருவான பல்கூட இருக்கும். இதைப் பார்த்துப் பதறி, பிள்ளை மீது பழி சொல்லும் குடும்பங்கள் உண்டு. கொஞ்சமும் தேவையில்லாத பழி. 1975இல் லிண்டர் குழுவினர் இந்தக் கட்டிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து, அவை அந்தப் பெண்ணின் சொந்த முட்டைச் செல் ஒன்றிலிருந்து, எந்த ஆணின் பங்கும் இல்லாமல் தானாகவே பிரிந்து வளர்ந்தவை என்று காட்டினார்கள். மூலச் செல்லுக்கு எல்லாத் திசுவையும் உருவாக்கும் ஆற்றல் இருப்பதால் தோலும் முடியும் பல்லும் உருவாகின்றன. அவ்வளவுதான்.

இந்தக் கட்டிக்குள் மூளைத் திசுவும் வளரலாம். அதன் விளைவு ஒன்று 2007இல்தான் தெளிவாயிற்று. ஹோசெப் டால்மாவ் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, 14 முதல் 44 வயது வரையிலான பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதியது. திடீரென்று பிதற்றல், அச்சம், வலிப்பு, நினைவிழப்பு. மனநோய் என்றே முதலில் எண்ணப்பட்டவர்கள். அவர்களில் பதினொரு பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா இருந்தது. கட்டியிலுள்ள நரம்புத் திசுவுக்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள் மூளையையும் தாக்கின. கட்டியை எடுத்து, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையும் தந்தபோது பலர் தேறினார்கள். நேற்றுவரை நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் நிலைகுலைந்து போனால், கோடாங்கியிடம் கூட்டிப் போவதற்கு முன் வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்பது இதில் நமக்கான செய்தி.

டெர்மாய்டு புற்று அல்ல. சினைப்பையின் மேலோட்டைக் கீறி, கட்டியின் உறையும் நல்ல திசுவும் சந்திக்கும் தளத்தைக் கண்டுபிடித்து, கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம். கட்டி பெரிதாக இருந்தால் நல்ல திசு அதன்மேல் ஒரு மெல்லிய தகடாக நீண்டிருக்கும். மிச்சம் எதுவுமில்லை என்று தோன்றும். அந்தத் தகட்டில்தான் முட்டைகள் இருக்கின்றன. பெண் குழந்தை பிறக்கும்போது இரு சினைப்பைகளிலும் சேர்த்துப் பத்து முதல் இருபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சம்தான் மீதி. புதிதாக உருவாவதில்லை. உரிக்கும்போது கட்டி கசிந்தால் வெதுவெதுப்பான உப்புநீரால் வயிற்றை நன்றாகக் கழுவிவிடுகிறார்கள். சுமார் பத்தில் ஒருவருக்கு மறுபக்கத்திலும் டெர்மாய்டு இருக்கும், அல்லது பின்னால் வரும். ஒரு பக்கத்தை முழுவதும் எடுத்துவிட்ட சிறுமிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

“ஒண்ணை எடுத்துட்டா நாளைக்கு இவளுக்குக் குழந்தை பிறக்குமா டாக்டரம்மா?” என்று கேட்காத தாய் இல்லை. பிறக்கும். ஒற்றைச் சினைப்பை மாதவிடாய்க்கும் கருத்தரிப்புக்கும் போதும்; மாதவிடாய் நிற்பது சுமார் ஓராண்டு முந்தலாம் என்று நார்வே நாட்டுப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் அதையே சாக்காக வைத்து, காப்பாற்றக்கூடிய ஒன்றை எடுத்துவிடுவது வேறு விஷயம்.

*

புற்றாக இருந்தால்? இந்தப் பயத்தில்தான் நல்ல கட்டிகளுக்கும் முழுச் சினைப்பை பறிபோகிறது. அறுவைக்கு வரும் சிறுமிகளின் கட்டிகளில் புற்று சிறுபான்மையே. பெரும்பாலான ஆய்வுகளில் அது பத்து, இருபது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தச் சிறுபான்மையை முன்கூட்டியே பிரித்தறிய வழிகள் உண்டு. கட்டி எட்டு செ.மீ.க்கு மேல் இருக்கிறதா, நீராக இல்லாமல் திடமான பகுதிகள் இருக்கின்றனவா, ஆறு வயதிலேயே மார்பு வளர்கிறதா, ரத்தத்தில் சில புரதங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி. இரண்டும் அவற்றில் முக்கியமானவை. முந்தையது பச்சிளம் குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம் இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இந்தப் புரதம் ஏறும் கட்டியின் கதை சுவையானது. 1939இல் வால்டர் ஷில்லர் நுண்ணோக்கியில் அதைப் பார்த்து, சிறுநீரக முடிச்சுகள் போலத் தெரிகிறதே என்று சிறுநீரகத்தின் மூதாதைத் திசுவோடு சேர்த்துவிட்டார். கோபன்ஹேகனின் குன்னர் டைலும் அதே அமைப்பை எலியின் நச்சுக்கொடியில் கண்டார். ஃபிரெஞ்சு உடற்கூறியலாளர் துவால் முன்னரே வரைந்து வைத்திருந்த அமைப்பு அது. கட்டி சிறுநீரகத்தைச் சேர்ந்ததல்ல, கருவின் மஞ்சள்கருப் பையை ஒத்தது என்று 1950களில் டைலும் நிறுவினார். மஞ்சள்கருப் பை இயல்பாகச் சுரக்கும் புரதம்தான் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். ஆக, கட்டியின் பிறப்பைச் சரியாகப் புரிந்துகொண்டதால் அதைக் கண்காணிக்க ஒரு ரத்தப் பரிசோதனையும் நம் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கட்டி வந்த சிறுமிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அதை மாற்றியது பிளாட்டினம். 1965இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்னோட்டம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். பாக்டீரியா பிரிவது நின்றது. காரணம் மின்சாரமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினக் கூட்டுப்பொருள். அதிலிருந்து வந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூலச் செல் புற்றுகள் அதற்குப் பணிந்ததுபோல வேறு அதிகப் புற்றுகள் பணியவில்லை.

மருந்து வலுவானதும் கத்தி அடங்கலாயிற்று. பெரியவர்களின் சினைப்பைப் புற்றுக்குச் செய்யும் விரிவான அறுவை விதிகளையே சிறுமிகளுக்கும் வைத்திருந்தார்கள். டெபோரா பில்மயர் குழு 2004இல் 131 சிறுமிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, அந்த விதிகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டது மூன்றே பேருக்கு என்று தெரிந்தது. ஆனாலும் எல்லா நிலைகளிலும் பிழைத்தவர்கள் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினார்கள். விதிகள்தான் தேவைக்கு மேல் கடுமையாக இருந்தன. இன்றைய முறை எளியது: வயிற்று நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பு, வயிற்றுறையையும் நிணநீர் முடிச்சுகளையும் கண்ணாலும் கையாலும் பார், சந்தேகமானதை மட்டும் எடு, கட்டியுள்ள சினைப்பையை உடையாமல் முழுசாக எடு, மறு சினைப்பையையும் கருப்பையையும் தொடாதே. புற்று என்று வலுவான சந்தேகம் இருந்தால் லேப்ராஸ்கோபி என்னும் கேமரா அறுவையின் சிறு துளை வழியே கட்டியை உடைத்து இழுப்பது பெரும் பிழை. கீறல் பெரிதானாலும் பரவாயில்லை, கட்டி உடையக் கூடாது.

அதே குழு 2014இல் இன்னும் துணிந்த ஒரு முடிவை வெளியிட்டது. முதல் நிலைப் புற்று கொண்ட 25 சிறுமிகளுக்கு அறுவை முடிந்ததும் கீமோ தராமல், ரத்தப் பரிசோதனையால் கண்காணித்து மட்டும் வந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பியது; அவர்களுக்கு அப்போது கீமோ தந்து, ஒருவரைத் தவிர எல்லோரையும் மீட்டார்கள். மறுபாதிக்கு அந்த மருந்தே தேவைப்படவில்லை. சிஸ்பிளாட்டின் காதின் கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் இது சிறிய லாபமல்ல. அந்த ஒரு சிறுமியை நினைத்தால் இது எளிதான கணக்கும் அல்ல.

புற்றில்லாத கட்டிகளுக்குத் தேவையற்ற சினைப்பை நீக்கத்தைக் குறைக்க முடியுமா என்று அமெரிக்காவின் 11 குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து பார்த்தன. அறுவைக்கு முன் ஸ்கேன், ரத்தக் குறியீடுகள், மருத்துவர்களுக்கிடையே கலந்தாலோசனை என்று ஒரே ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்தார்கள். 2023இல் வெளியான முடிவில் தேவையற்ற நீக்கம் 16.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்திருந்தது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. கத்தி எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள்.

அந்தக் கேள்விகளில் சிலவற்றைப் பெற்றோரும் கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன் கேட்பது அவமரியாதை ஆகாது. “முறுக்கம்னா அவிழ்த்துட்டு விட்டுருவீங்களா, எடுத்துருவீங்களா டாக்டர்? கட்டிக்கான ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?” அவசர அறுவையில் ரத்த முடிவு வர நேரமில்லாமல் போகலாம், ஆனால் ரத்தத்தையாவது முன்கூட்டியே எடுத்து வைத்துவிட வேண்டும். கட்டியை எடுத்த பிறகு அந்தப் புரதங்கள் வடிய ஆரம்பித்துவிடும், முதல் அளவு கையில் இல்லாமல் போய்விடும். அவிழ்த்து விட்டுவைத்த சினைப்பைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறு ஸ்கேன் அவசியம். வலி போய்விட்டதே என்று அந்த ஸ்கேனைத் தவறவிடுபவர்கள் அதிகம். வீக்கத்துக்குள் ஒளிந்திருந்த கட்டி ஏதும் இருந்தால் அது தெரிவது அன்றுதான்.